வெகுளியின் கை

நான் வேலை செய்யும் றெஸ்ரோறன்ற் குசினியில் மாலி நாட்டுப் பெடியன் ஒருவன் என்னோடு கோப்பை கழுவினான். சென்ற மாரியில் ஓரிரவு கல்லாவில் எண்பது யூரோ குறைந்துவிட்டது. குசினிப் பொறுப்பாளர் எல்லோர் முன்னிலையிலும் இவனைத்தான் கேட்டார். பிரெஞ்சு அவனுக்கு ஓரளவு வரும். ஆனால் பயமும் கோபமும் ஒன்றாக வரும்போது எந்த மொழியும் வராது. வாயைத் திறந்தான், மூடினான். பொறுப்பாளர் விரலை நீட்டியபடி இன்னும் கிட்ட வந்தார். பெடியனின் கை எழுந்தது. ஒரேயொரு தள்ளுத்தான். பொறுப்பாளர் அலமாரியில் மோதி விழுந்தார். பெரிய காயமில்லை. ஆனால் அன்றிரவே பெடியனுக்கு வேலை போய்விட்டது. அதன்பிறகு அந்த எண்பது யூரோவைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. பணம் குறைந்தது என்ற விடயம் அவன் கை எழுந்த கணத்தோடு மறைந்து போயிற்று.

அவன் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. கழுவிய கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

சில வாரங்களின் பின் பழைய புத்தகக் கடையொன்றில் ஹேர்மன் மெல்வில்லின் 'பில்லி பட்' கிடைத்தது. இரண்டாம் ஆண்டோடு நின்றுபோன என் பல்கலைக்கழகப் படிப்பில், ஆங்கில விரிவுரையாளர் ஒருவர் சொல்லி நினைவில் நின்ற பெயர் அது. மெல்லிய புத்தகம். கடைசி மெற்றோவில் பாதியும் அறைக்கு வந்து மீதியுமாக, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்து முடித்தேன். மெல்வில் என் குசினியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று அன்றிரவு தோன்றியது. பின்னர் இரண்டு தடவை வாசித்தபோது அது அவ்வளவு எளிதல்ல என்று தெரிந்தது.

மெல்வில் 1819 இல் நியூயோர்க்கில் பிறந்தவர். இளவயதில் கடலோடியாகத் திரிந்தவர். புத்தகங்கள் விலைபோகாத காலத்தில் நியூயோர்க் துறைமுகத்தில் சுங்கப் பரிசோதகராகப் பத்தொன்பது வருடங்கள் வேலை பார்த்தார். அந்த வேலையை விட்டபின் எழுதத் தொடங்கிய கதை இது. 1891 இல் அவர் இறந்தபோது கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. 1924 இல்தான் அச்சேறியது. ஊர் மறந்துவிட்ட ஒரு கிழவர், யாரும் கேட்காமலே, திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்த கதை என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கதை 1797 இல் நடக்கிறது. பிரித்தானியா புரட்சிப் பிரான்சுடன் போரிட்டுக்கொண்டிருந்த காலம். அவ்வருடம் ஸ்பிற்ஹெட்டிலும் நோரிலும் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். முதலாவது கிளர்ச்சி சம்பள உயர்வோடும் மன்னிப்போடும் முடிந்தது. இரண்டாவதின் தலைவர் றிச்சட் பாக்கர் தூக்கிலிடப்பட்டார். அந்தப் பயம் ஆறாத கோடையில், ஒரு வணிகக் கப்பலை மறித்து, பில்லி பட் என்ற இருபத்தொரு வயது மாலுமியைப் போர்க்கப்பலுக்குக் கட்டாயமாகப் பிடித்துச் செல்கிறார்கள். அவன் விட்டுவந்த வணிகக் கப்பலின் பெயர் 'மனித உரிமைகள்'. தோமஸ் பெயினின் புத்தகத்தின் பெயர். படகிலிருந்து அவன் கள்ளமில்லாமல் அந்தக் கப்பலுக்குப் பெயர் சொல்லி விடைகொடுக்கிறான். அதிகாரிக்கு அது கிளர்ச்சிப் பேச்சாகக் கேட்கிறது.

பில்லி தாய்தகப்பன் தெரியாதவன், எழுத வாசிக்கத் தெரியாதவன், அழகன், எல்லோருக்கும் பிடித்தவன். ஒரேயொரு குறை. மனம் கலங்கினால் நாக்கு திக்கும். கப்பலின் ஒழுங்குக் காவலனான கிளகாட், காரணம் சொல்லமுடியாத ஒரு வெறுப்பில், அவன் கிளர்ச்சிக்குத் திட்டமிடுகிறான் என்று கப்டன் வியரிடம் பொய்க்குற்றம் சாட்டுகிறான். கப்டன் அதை நம்பவில்லை. இருவரையும் தன் அறைக்கு அழைத்து, குற்றச்சாட்டை முகத்துக்கு நேரே சொல்ல வைக்கிறார். பில்லியின் நாக்கு கட்டிக்கொள்கிறது. கை எழுகிறது. ஒரே அடியில் கிளகாட் செத்து விழுகிறான். உடனே சிறு இராணுவ நீதிமன்றம் ஒன்று கூடுகிறது. அடுத்த விடியலில் பில்லி பாய்மரத்தின் குறுக்குத் தடியில் தூக்கிலிடப்படுகிறான்.

தமிழில் பில்லிக்கு ஒரு சொல் தேடினேன். 'அப்பாவி' என்றால் பாவமற்றவனும் அதுதான், ஒன்றும் தெரியாதவனும் அதுதான். அதைவிடப் பொருத்தமானது 'வெகுளி'. கள்ளமற்றவனை நாம் வெகுளி என்கிறோம். குறளிலோ வெகுளி என்றால் சினம். வெகுளாமை என்று ஓர் அதிகாரமே உண்டு. ஒரே சொல்லில் கபடமற்ற முகமும் ஓங்கிய கையும் இருக்கின்றன. இதை மெல்வில் அறிந்திருந்தார். முன்னைய கப்பலிலேயே தன்னைச் சீண்டிய ஒருவனை பில்லி அடித்திருக்கிறான் என்று கதையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். சொல் இல்லாதவனின் நல்லதனம் கையில்தான் போய் முடியும்.

ஹன்னா அறென்ற் 1963 இல் வெளியான புரட்சி பற்றிய தன் நூலில் இக்கதையை எடுத்துப் பேசுகிறார். முழுமையான நன்மையும் முழுமையான தீமையைப்போல வன்முறையில்தான் இறங்கும், ஏனெனில் அதற்குப் பேச்சில்லை, சட்டமோ இவ்விரண்டுக்கும் நடுவில் வாழும் சாதாரண மனிதர்களுக்கானது என்ற பொருளில் அவரது வாதம் போகிறது. முதற்பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பில்லியைக் கொன்றது சட்டம்தானா? கதையை நிதானமாக வாசித்தால் அப்படித் தெரியவில்லை.

இறந்த உடலைப் பார்க்க வந்த கப்பல் வைத்தியர் என்ன நினைக்கிறார்? பில்லியை அடைத்து வைத்துவிட்டு, மற்றக் கப்பல்களோடு சேர்ந்ததும் அட்மிரலிடம் ஒப்படைப்பதே முறை என்று நினைக்கிறார். கப்டனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூடச் சந்தேகப்படுகிறார். மற்ற அதிகாரிகளுக்கும் அதே எண்ணம். ஆகவே காத்திருக்க ஒரு வழி இருந்தது. அதை அடைத்தவர் வியர். சம்பவத்தின் ஒரே சாட்சி அவர். நீதிமன்றத்துக்கு மூவரைத் தெரிவு செய்தவரும் அவர். அவர்கள் தயங்கியபோது எழுந்து வாதாடி வழிக்குக் கொண்டு வந்தவரும் அவர். நாம் அணிந்திருக்கும் பொத்தான்கள் அரசனுடையவை, இயற்கையுடையவை அல்ல என்கிறார். அடித்தவனின் நோக்கத்தைப் போர்க்காலச் சட்டம் பார்க்காது என்கிறார். தண்டனையைக் குறைக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். குறைத்தால் நாம் பயந்துவிட்டோம் என்று மாலுமிகள் நினைப்பார்கள் என்று மறுத்துவிடுகிறார்.

ஒருதடவைகூட அவர் பில்லியைக் கெட்டவன் என்று சொல்வதில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். கோவலனைக் கொன்ற பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரியாமல் ஆணையிட்டான். உண்மை தெரிந்த கணத்தில் அரியணையிலேயே உயிர் விட்டான். அவனது தவறு அறியாமையால் வந்தது. வியரிடம் மறைந்த உண்மை எதுவுமில்லை. எல்லாம் தெரிந்தே செய்கிறார். பின்னர் பிரெஞ்சுக் கப்பலொன்றுடனான மோதலில் காயப்பட்டு இறக்கும்போது பில்லியின் பெயரை முணுமுணுக்கிறார். அந்தக் குரலில் கழிவிரக்கம் இருக்கவில்லை என்று மெல்வில் கவனமாகக் குறிப்பிடுகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அறையில் பில்லி திக்கும்போது, அவனுக்கு நாக்குக் கட்டுகிறது என்பதை வியர் கண்டுகொள்கிறார். அருகே போய்த் தோளில் கை வைத்து, அவசரமில்லை, ஆறுதலாகச் சொல் என்ற கருத்தில் பேசுகிறார். தகப்பனைப் போன்ற அந்தக் கனிவு பில்லியை இன்னும் முயல வைக்கிறது. அடுத்த நொடியில் கை எழுகிறது. அவசரமில்லை என்று சொன்ன அதே மனிதர்தான் சற்று நேரத்தில் ஒருநாள்கூடப் பொறுக்கமாட்டேன் என்கிறார். திக்குபவனுக்கு நேரம் தேவை என்பதைத் தனிமனிதனாக அறிந்தவர், கப்டனாக அதை மறந்துபோனார். நாக்கு உதவியிருந்தால் அடித்திருக்கமாட்டேன் என்று பில்லி விசாரணையில் சொல்கிறான். அந்த ஒரு வசனத்தைக் கேட்கத்தான் நீதிமன்றம் என்ற ஒன்றை மனிதர்கள் உண்டாக்கினார்கள் என்று நினைக்கிறேன்.

மெல்வில்லுக்கு இது வெறும் கற்பனையல்ல. 1842 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையின் 'சோமர்ஸ்' என்ற கப்பலில் கிளர்ச்சிச் சதி என்று மூவர் கரைக்கு வருமுன்னரே தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவன் போர்ச் செயலாளரின் மகன், பத்தொன்பது வயது. அந்தக் கப்பலின் முதல் துணை அதிகாரி மெல்வில்லின் ஒன்றுவிட்ட சகோதரர். கப்டன் பின்னர் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். ஏறத்தாழ நாற்பத்தைந்து வருடங்களின் பின்னும் அந்த அவசரம் மெல்வில்லின் மனதிலிருந்து போகவில்லை.

இனிக் குறியீடுகள். ஆதாம், தேவதூதன், ஆபிரகாம் பலியிடத் துணிந்த ஈசாக்கு, கிளகாட்டின் பிணத்தைத் தூக்கும்போது செத்த பாம்பு. தூக்கு நேரத்தில் வானத்தில் ஆட்டுக்குட்டியின் உரோமம் போன்ற ஒளி. சாகுமுன் பில்லி கப்டனை ஆசீர்வதிக்கிறான். இம்முறை திக்காமல். விமர்சகர்கள் பலர் இவற்றைத் தொகுத்து, பில்லி கிறிஸ்து என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு வேறுவிதமாகப் படுகிறது. அவனை முதன்முதலில் தேவதூதன் ஆக்குவது யார்? பிணத்தின் அருகில் நின்று, இது தேவதூதன் கொடுத்த அடி, ஆயினும் தேவதூதன் தூக்கில் தொங்கவேண்டும் என்று சொல்லும் வியர்தான். தேவதூதன் என்றவுடன் சாவு ஒரு பலியாகிவிடுகிறது. பலி என்றவுடன் அட்மிரலுக்குக் காத்திருக்கவில்லையே என்ற சாதாரணக் கேள்வி சின்னத்தனமாகப் போய்விடுகிறது. மாலுமிகளும் அவன் தொங்கிய தடியின் துண்டுகளைச் சிலுவைத் துண்டுபோலப் போற்றுகிறார்கள். அந்த விடியலில் அவர்களிடமிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது, ஒரு கட்டளையோடு கலைந்தது.

எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு மின்கம்பம் இருந்தது. நான் பிறக்குமுன்னர் அதில் ஒரு பெடியனைக் கட்டிச் சுட்டார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பாமல்தான் சந்தைக்குப் போவா. "அது ஒண்டும் அறியாத பெடியன்" என்று அவ சொல்லுவா. ஊர்ச்சனம் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எல்லோரும் பிறகுதான் சொன்னார்கள்.

பில்லி உண்மையிலேயே முழுத் தூய்மையானவனா என்றால், அதுவுமில்லை. ஓரிரவு ஒருவன் இரகசியமாக வந்து அவனைக் கிளர்ச்சிக்கு இழுக்கப் பார்க்கிறான். பில்லி அவனைத் துரத்திவிடுகிறான், ஆனால் மேலிடத்துக்குச் சொல்லவில்லை. காட்டிக்கொடுக்க மனமில்லை. கப்பலில் ஏதும் நடப்பதாகத் தெரியுமா என்று நீதிமன்றம் கேட்டபோது, சற்றுத் தயங்கி, இல்லை என்கிறான். மெல்வில் இதை வேண்டுமென்றே வைத்திருக்கிறார். தேவதூதனிடமும் ஒரு பொய் இருக்கிறது. அதனால் அவன் தூக்குக்கு உரியவன் ஆகிவிடுவானா?

அகதிகளாகிய எமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தஞ்சம் கேட்டு ஒரு மேசையின் முன் இருந்தபோது நானும் ஒரு பில்லியாக இருக்கவேண்டியிருந்தது. எதிலும் சேராத, யாரையும் அறியாத, திகதி பிழைக்காத அப்பாவியாக. மொழிபெயர்ப்பாளர் என் மௌனத்தை எப்படி மொழிபெயர்த்தார் என்று இன்றுவரை தெரியாது. தூய்மையானவனுக்கு மட்டுமே நீதி என்றால், கொஞ்சம் பயந்தவன், கொஞ்சம் மறைத்தவன், ஒருமுறை கை ஓங்கியவன் எங்கே போவான்? நீதி கேட்பவன் அப்பாவியாக இருக்கவேண்டியதில்லை. அவனது நாக்கு அவிழும்வரை யாராவது பொறுத்திருக்கவேண்டும். தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொல்லவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கப்பலில் அதற்கு ஆளில்லை. தயங்கிய மூவரும் கடைசியில் தலையசைத்தார்கள். கடற்படைச் செய்தித்தாளோ, பில்லி அந்நியன், சதித் தலைவன், கத்தியால் குத்தினான் என்று எழுதியது. அவனைப் பற்றி எஞ்சிய பதிவு அது. மாலுமிகளின் பாட்டு ஒன்றும் எஞ்சியது.

மாலிப் பெடியனை அதன்பிறகு நான் காணவில்லை. இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது முதல் வரியில் அவனை நல்லவன், அப்பாவி என்றுதான் எழுதியிருந்தேன். பிறகு அதை வெட்டிவிட்டேன். அவன் நல்லவனா என்பது எனக்குத் தெரியாது, அதை யாரும் என்னிடம் கேட்கவுமில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்று. அன்றிரவு சொல்லியிருக்கவேண்டியது அது. பிந்தித்தான் எழுதுகிறேன்: அன்று மாலை ஆறு மணி தொடக்கம் அவன் என் பக்கத்தில்தான் நின்றான். கல்லாப் பக்கம் போகவேயில்லை.