ஓரத்தில் ஒரு கேள்விக்குறி

நண்பர்களின் கைப்பிரதிகளை அச்சுக்கு முன் படித்துக் கொடுப்பேன். ஒற்று மிகுமா மிகாதா என்பதில் சண்டை வருவதில்லை. 'இந்தப் பத்தி தேவையா?' என்று கேட்டால்தான் வரும். அதைக் கதைக்காகக் கேட்கிறேனா, என் ரசனைக்காகவா?

ரேமண்ட் கார்வரின் 'வாட் வீ டாக் அபவுட் வென் வீ டாக் அபவுட் லவ்' 1981இல் வந்தது. எடிட்டர் கார்டன் லிஷ் கைப்பிரதியில் பாதிக்கும் மேல் வெட்டியிருந்தார். புத்தகத்தை நிறுத்தச் சொல்லி 1980 ஜூலையில் கார்வர் கெஞ்சிக் கடிதம் எழுதினார். நிற்கவில்லை. அவருக்குப் பெரும்புகழ் தந்ததும் அதே புத்தகம். சங்கடமே அதுதான்.

அதில் 'தி பாத்' என்றொரு கதை. பிறந்தநாளன்று காரில் அடிபட்டுக் கிடக்கும் சிறுவன். அவனுக்கு கேக் செய்தவரிடமிருந்து மிரட்டல்போலத் தொலைபேசி அழைப்புகள். லிஷ் வடிவம் ஓர் அழைப்போடு அறுந்துவிடும். பையன் பிழைத்தானா, தெரியாது. 1983இல் 'கதீட்ரல்' தொகுப்பில் கார்வர் நீண்ட வடிவத்தைச் சேர்த்தார். அதில் பையன் இறந்துபோகிறான். ஆத்திரத்தோடு பேக்கரிக்குப் போகும் பெற்றோரிடம் கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு, உட்காரவைத்து, சூடான ரொட்டி கொடுக்கிறார். விடியும்வரை பேசுகிறார்கள்.

லிஷ் வடிவம் கச்சிதம், ஒத்துக்கிறேன். ஆனா அந்த ரொட்டியை எடுத்துவிட இன்னொருத்தருக்கு என்ன உரிமை? 'இங்கே எனக்கு அலுத்தது'னு சொல்லலாம். சொல்லியே ஆகணும், நண்பராச்சேன்னு மழுப்பினா அது உதவியே இல்லை. அந்த இடத்தை என்ன செய்வது என்பது எழுதியவர் பாடு. நான் எதையும் அடிப்பதில்லை. ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.