உடைமையும் துய்ப்பும்: நெடுந்தண்டுச் சுங்கான் வழி ஓர் அறவியல் நோக்கு

ஒரு பொருளை உடைமையாகக் கொள்வதும் அதனைத் துய்ப்பதும் ஒன்றெனவே பெரிதும் கருதப்படுகின்றன. இக்கருத்தை மீளாய்வு செய்ய நெடுந்தண்டுச் சுங்கான் இடந்தருகிறது.

உதுமானியப் பேரரசில் வழங்கிய 'சிபுக்' என்னும் சுங்கான் 4 அடிக்கும் மேற்பட்ட நீளமுடையதாகவும் அமைந்தது. செர்ரி மரத்தண்டும் அம்பர் பொருத்திய வாய்முனையும் உடையவரின் செல்வநிலையைக் காட்டின. தண்டு நீள நீள, வாயை அடையும் புகை குளிரும். ஆயின் புகைப்பவரின் கை கனற்கிண்ணத்தை எட்டாது. நெருப்பிடவும் தூய்மை செய்யவும் செல்வர் இல்லங்களில் தனி ஏவலர் இருந்தனர். உடைமை ஒருவருடையது, துய்ப்பிற்கான உழைப்போ பிறருடையது.

இதற்கு மாறாக, 17ஆம் நூற்றாண்டு முதல் நெதர்லாந்தின் கௌடா நகரிலும் இங்கிலாந்தின் புரோசிலியிலும் உருவான களிமண் சுங்கான்கள் மலிவானவை, எளிதில் உடைபவை. இலண்டனின் தேம்சு ஆற்றங்கரையில் அவற்றின் துண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. பேணிக் காக்கப்படாத அப்பொருளும் குளிர்ந்த புகையின் இன்பத்தைத் தந்தது. எனவே, துய்ப்பு உடைமையின் மதிப்பைச் சார்ந்ததன்று என்பது பெறப்படும்.

எனினும், குளிர்ந்த புகையும் புற்றுநோய்க்கு ஏதுவாவதே. தண்டின் நீளம் தீங்கை நீக்கவில்லை. அதன் வெம்மையை மட்டுமே மறைத்தது. சிபுக்கிலோ அந்நீளமே பிறர் உழைப்பையும் வேண்டி நின்றது. இன்பத்தின் விலையைத் தன்னிடமிருந்து தொலைவில் நிறுத்திக்கொள்பவர் பொருளை உடையவராகலாம்; அவ்விலையை அறிந்து ஏற்காதவரை, அவரது துய்ப்பு அறத்தின்பாற் பட்டதாகாது.