குருவிக்குப் போன அரிசி

ஐந்தாம் படிவத்தில் படிக்கும் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, பாரதியார் வாழ்க்கை வரலாறு நெறைய இருக்கே. ஒண்ணுதான் வாங்க முடியும்னா எத வாங்குறது?" சுங்கை பாக்காப்பில் ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சட்டென்று பதில் வரவில்லை.

வ.ரா. எழுதியது புதுச்சேரியில் உடன் பழகிய அன்பரின் புத்தகம். யதுகிரி அம்மாள் அதே ஊரில் சிறுமியாக இருந்து அவரைப் பார்த்தவர். ரா.அ. பத்மநாபனின் 'சித்திர பாரதி' (1957) படங்களையும் தகவல்களையும் தேடிச் சேர்த்தது. யானை மிதித்துத்தான் பாரதி இறந்தார் என்று இன்னும் நம்புகிறோம். உண்மையில் அவர் தேறி, ஈரோட்டுக்குப் போய்ச் சொற்பொழிவாற்றி, பத்திரிகை வேலைக்கும் திரும்பி, 1921 செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். இதற்கெல்லாம் ஆய்வாளர்தான் வேண்டும்.

ஆனால் குருவிகளுக்கு அரிசி இறைத்த கதை? நம் பேச்சுப்போட்டிகளில் அது ஜீவகாருண்யம். மனைவி செல்லம்மாவின் பக்கம் நின்று பார்த்தால், அது அன்றைய சமையலுக்கு இருந்த அரிசி. அவர் பெயரில் 'தவப்புதல்வர் பாரதியார் சரித்திரம்' வந்தது 1941இல். கணவர் இறந்து இருபது வருடம் கழித்து, ஊரே மகாகவி என்று கொண்டாடிய காலத்தில். அவர் நினைவும் சிலதைத் தள்ளி, சிலதை வைத்துக்கொண்டிருக்கும். மனைவி சொல்வதாலேயே எல்லாம் உண்மையாகிவிடாது.

இருந்தும் அதைத்தான் முதலில் படி என்றேன். காரணம் சொந்தக் கதை. அப்பா கவிதை எழுதுவார். கித்தா மரம் வெட்டிய அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. அப்பா தவறியபோது நினைவுமலருக்கு நான் எழுதினேன். அவருடைய நண்பர்கள் எல்லாரிடமும் கேட்டேன், அம்மாவிடம் கேட்கவில்லை. படித்துவிட்டு அம்மா சொன்னார்: "நல்லாருக்குய்யா. நம்ம வீட்டதான் காணோம்."

விலை கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் கவிதை சிறுத்துப்போகாது. மறைத்தால்தான் ஆபத்து. வீடு பட்டினி கிடப்பது கலைஞனின் பெருமை என்று அடுத்த தலைமுறையும் நம்பும், அதற்கான விலையை இன்னொருத்தி கொடுப்பாள். ஒருவரைப் பற்றி எழுதும்போது அவருக்கு மட்டுமா நாம் கடன்பட்டிருக்கிறோம்?

"செல்லம்மாவப் படி. தேதிகள பத்மநாபன்ல சரிபாரு. வ.ரா.வ விட்டுடாத" என்றேன். அவள் போனில் குறித்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அந்த நினைவுமலர்க் கட்டுரையை நான் இன்னும் திருத்தி எழுதவில்லை.