உதவும் கை ஆளும் கையாகலாமா?



காலையில் எத்தனை மணிக்குப் படுக்கையை விட்டு எழுவது, இரவில் எப்போது உறங்கச் செல்வது, யார் கையால் குளிப்பது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதா வீட்டில் இருப்பதா: இவற்றையெல்லாம் சுதந்திரங்கள் என்று நாம் எண்ணுவதேயில்லை. கைகால் வழங்குகின்றவருக்கு இவை மூச்சு விடுவது போன்றவை. கைகால் வழங்காத ஒருவருக்கோ இவை ஒவ்வொன்றும் இன்னொருவருடைய கையை எதிர்பார்த்தே நடைபெறுகின்றன. அப்படியானால் அந்தக் கை எப்போது வரவேண்டும், யாருடைய கையாக இருக்கவேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? உதவியைப் பெறுகின்றவரா? அதற்குப் பணம் கொடுக்கின்றவரா?

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. பிரித்தானியாவில் அங்கவீனர்கள் இக்கேள்விக்காகவே நீதிமன்றத்தை நாடினார்கள். சக்கர நாற்காலிகளோடு பாராளுமன்றத்துக்குள்ளும் சென்றார்கள். எம்மவர் பலர் குடியேறி வாழும் நாடு அது. அங்கே நடந்ததை நாமும் அறிந்திருப்பது நல்லது.

லெனாட் செஷயர் என்பவரின் பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகப் போரில் விமானியாக இருந்து விக்டோறியாச் சிலுவை விருது பெற்றவர். 1945 இல் நாகசாக்கியில் அணுகுண்டு விழுந்ததை வானிலிருந்து பார்த்தவர். 1948 இல் கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்தார். அதே ஆண்டில் ஹம்ஷயரில் உள்ள லே கோர்ட் என்னும் தமது வீட்டில், போக்கிடமற்ற ஒரு நோயாளியைத் தாமே பராமரித்தார். அந்த வீட்டிலிருந்தே உலகெங்கும் செஷயர் இல்லங்கள் கிளைத்தன. அது உண்மையான அன்புப் பணி என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

ஆனால் 1979 ஆம் ஆண்டளவில் அதே லே கோர்ட் இல்லத்தில் வாழ்ந்த அங்கவீனர் சிலர் ஒன்றுகூடி, "எம்மை இங்கே வைத்துப் பராமரிக்கச் செலவாகும் பணத்தை எமது கையில் தாருங்கள். நாம் ஊருக்குள் சொந்த வீட்டில் இருந்துகொண்டு, எமக்கு வேண்டிய உதவியாளரை நாமே அமர்த்திக்கொள்கிறோம்" என்ற கோரிக்கையை முன்வைத்தார்கள். 1981 சர்வதேச அங்கவீனர் ஆண்டாக இருந்தமையால், தமது முயற்சிக்கு "திட்டம் 81" என்று பெயரிட்டார்கள். சில ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின் அவர்களுட் சிலர் அவ்வாறே வெளியேறி வாழத் தொடங்கினார்கள். இது நன்றிகெட்ட செயலா? அல்லவே. பசியாறியவன் பேசத் தொடங்கினான், அவ்வளவுதான். அன்பு ஒரு மனிதனை நிமிரச் செய்தால், நிமிர்ந்தவன் தன் விருப்பத்தைச் சொல்லத்தான் செய்வான்.

1988 இல் பிரித்தானிய அரசாங்கம் சுயாதீன வாழ்வு நிதியம் என்ற ஒன்றை ஏற்படுத்தியது. கடுமையான அங்கவீனமுள்ளவர்களுக்கு இந்நிதியம் பணமாகவே உதவியது. அவர்கள் அப்பணத்தைக் கொண்டு தமக்கு ஏற்ற உதவியாளரைத் தாமே தெரிந்து, நேரம் குறித்து, சம்பளம் கொடுத்து, கணக்கும் காட்டினார்கள். 1996 இல், உள்ளூராட்சி மன்றங்களும் இவ்வாறு நேரடியாகப் பணம் வழங்குவதற்குச் சட்டம் இடமளித்தது. இதனால் சிலர் படித்தார்கள். சிலர் தொழில் செய்தார்கள். சிலர் குடும்பமாகி வாழ்ந்தார்கள்.

பின்னர் காற்றுத் திசைமாறியது. 2010 இல் நிதியத்தின் கதவு புதிய விண்ணப்பதாரருக்கு மூடப்பட்டது. 2012 இல், முழுவதையும் மூடிவிடப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. அங்கவீனர் ஐவர் வழக்குத் தொடுத்தனர். மூடுவதனால் இம்மக்களுக்கு நேரக்கூடிய பாதிப்பைச் சட்டம் கேட்கும் அளவுக்கு அமைச்சர் கருத்திற்கொண்டதாகக் காட்டப்படவில்லை என்று 2013 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அரசாங்கம் அதே முடிவை 2014 இல் மீண்டும் எடுத்தது. 2015 யூன் 24 ஆந் திகதி, பிரதமரின் கேள்வி நேரத்தில், சக்கர நாற்காலிகளில் வந்தவர்கள் பாராளுமன்றச் சபை மண்டபத்துள் நுழைய முயன்று தடுக்கப்பட்டார்கள். ஆறு நாட்களின் பின், யூன் 30 இல் நிதியம் மூடப்பட்டது. ஏறக்குறைய 18,000 பேர் அதில் தங்கியிருந்தார்கள். இங்கிலாந்தில் அப்பணம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு மாற்றப்பட்டது. ஆனால் அதை இம்மக்களுக்கே செலவிடவேண்டும் என்ற கட்டுப்பாடு விதிக்கப்படவில்லை.

அரசாங்கத்தின் பக்கத்தையும் நாம் நீதியோடு கேட்கவேண்டும். ஒரே தேவைக்கு இரண்டு அமைப்புகள் எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். நிதியத்துள் இருப்பவருக்கு ஒரு விதமும் வெளியே இருப்பவருக்கு வேறு விதமும் உதவி கிடைப்பது நியாயமா என்றும் கேட்டார்கள். பொதுப்பணம் சிக்கனமாகச் செலவிடப்படவேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் இருவருள் ஒருவருக்குக் குடை இருந்து மற்றவருக்கு இல்லையென்றால், இருப்பவனின் குடையைப் பறிப்பது சமத்துவமாகுமா? ஸ்கொட்லாந்து வேறு வழியை எடுத்தது. 2015 இலேயே தனக்கென ஒரு நிதியத்தை நிறுவி, 2024 இல் புதிய விண்ணப்பங்களையும் ஏற்கத் தொடங்கியது. ஆகவே மூடுவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று சொல்ல முடியாது.

தீர்மானம் கைமாறும்போது என்ன நேரும் என்பதற்கு, இந்நிதியத்தோடு தொடர்பற்ற வேறொரு வழக்கைப் பாருங்கள். இலண்டனில் முன்னாள் நடனக் கலைஞர் ஒருவர் பாரிசவாதத்தினால் நடமாட்டம் பெரிதும் குன்றியவரானார். இரவில் மலசலகூடத் தேவைக்கு எழுந்திருக்க அவருக்கு ஒருவர் உதவவேண்டும். உள்ளூராட்சி மன்றமோ, செலவைக் குறைப்பதற்காக, இரவு உதவியாளரை நிறுத்தி, குழந்தைகளுக்குப் போல உறிஞ்சும் துணிகளை அணிந்து படுக்குமாறு கூறியது. சிறுநீரை அடக்க முடியாதவரல்லர் அவர். எழுந்து செல்லக் கைகொடுப்பார் இல்லை, அவ்வளவே. 2011 இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் ஐந்து நீதியரசர்களுள் நால்வர், மன்றம் செய்தது சட்டப்படி சரியே என்றார்கள். அவர்களுள் இருந்த ஒரே பெண் நீதியரசர் மட்டும் இணங்க மறுத்தார். 2014 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் ஒரு குறுகிய காலப்பகுதிக்கு மட்டுமே அப்பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்த்தது.

இங்கே கவனியுங்கள். அப்பெண் பட்டினி கிடக்கவில்லை. கைவிடப்படவுமில்லை. மருந்தும் உணவும் கிடைத்தன. "பராமரிப்பு" நடந்தேயிருந்தது. பறிபோனது ஒன்றுதான்: வளர்ந்த ஒரு பெண்ணாகத் தன்னை நடத்தவேண்டும் என்று கேட்கும் உரிமை.

இனி நற்செய்தியைப் பார்ப்போம். யெரிக்கோ வீதியோரத்தில் பர்த்திமேயு என்னும் பார்வையற்றவன் கூவி அழைத்தபோது, கூட்டம் அவனை அதட்டி வாயடைக்கப் பார்த்தது. ஆண்டவர் நின்றார். அவனை அழைப்பித்தார். பார்வையற்றவனுக்கு வேறென்ன தேவைப்படும்? அது சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆயினும், தாம் அவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று அவனிடமே கேட்டார். எல்லாம் அறிந்தவர் கேட்டார். கோவையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தேவையை நிர்ணயிக்கும் நாம் கேட்க வேண்டாமா?

திருச்சபையின் சமூகப் போதனையும் இதே வழியில்தான் செல்கிறது. பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1931 இல் வெளியிட்ட சுற்றுமடலில், தனி மனிதரும் சிறு சமூகங்களும் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்புகள் பறித்துக்கொள்வது அநீதி என்று போதித்தார். இதன் பொருள் அரசு கையைக் கழுவிவிடலாம் என்பதன்று. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைத் தாங்கவேண்டும், விழுங்கக்கூடாது என்பதே. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 இல் தொழில் பற்றி எழுதிய சுற்றுமடலில், அங்கவீனர் முழு மனிதத் தன்மையும் உரிமைகளும் உடையவர் என்பதை வலியுறுத்தினார். ஆகவே அரசு பணம் கொடுக்கட்டும், கணக்குக் கேட்கட்டும், மோசடியைத் தடுக்கட்டும். அது அதன் கடமை. ஆனால் எந்தக் கை, எந்த நேரம், எந்த வீடு என்பதை அந்த மனிதரிடமிருந்து பறிப்பதற்குக் கணக்குப் புத்தகம் உரிமை தராது.

ஒரு வாசகர் கேட்கலாம்: "சுவாமி, குடும்பம் இருக்கக் கூலிக்கு ஆள் எதற்கு? இது மேல்நாட்டுத் தனிமனிதப் போக்கு அல்லவா?" நல்ல கேள்வி. குடும்ப அன்புக்கு ஈடில்லை. ஆனால் எழுபது வயதுத் தாய் நாற்பது வயது மகனைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறாள். அக்காள் தன் கலியாணத்தைக் கைவிட்டுத் தம்பியோடு இருந்துவிடுகிறாள். இவர்களுக்கு உதவ ஒரு கை வந்தால் அன்பு குறையுமா? தாய் மீண்டும் தாயாகவே இருக்க அது இடமளிக்கும். கூலிக்கு வருபவரும் ஒரு மனிதர் என்பதையும் மறக்கலாகாது. அவருக்கு நியாயமான சம்பளமும் ஓய்வும் கொடுப்பது அமர்த்துகிறவரின் கடமை. நல்ல சமாரியனும் காயப்பட்டவனைச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்துப் பணம் கொடுத்துத்தான் சென்றான். அதனால் அவன் அன்பு கூலியாகிவிடவில்லை.

எமது நாட்டிலே இத்தகைய நிதியம் இல்லை. 1996 இல் அங்கவீனர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. அங்கவீனர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அச்சமவாயத்தின் 19 ஆம் உறுப்புரையில் உண்டு. பிரித்தானியாவும் அதை ஏற்ற நாடே. அச்சமவாயத்தைக் கண்காணிக்கும் குழு 2016 இல் அந்நாட்டின் நடவடிக்கைகளை விசாரித்து, அங்கவீனர் உரிமைகள் பாரதூரமாக மீறப்பட்டுள்ளன என்று கூறியது. பிரித்தானிய அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. எழுதிவைத்த உரிமை தானாக நடந்துவிடாது என்பதற்கு இது சாட்சி.

போரிலே கால்களையும் கண்களையும் முள்ளந்தண்டின் வலுவையும் இழந்த எத்தனையோ பேர் எமது பங்குகளில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வீட்டிலேயே உதவி கிடைக்கவேண்டும் என்று கேட்பது எமது கடமை. கேட்கும்போது, "கவனித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் கேளாமல், "அவர்கள் சொற்படி கவனித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்போம்.

அதற்கு முன்னர் எமது வீடுகளில் தொடங்குவோம். விருந்தினர் வந்தால் உள்ளறைக்குத் தள்ளப்படும் பிள்ளை, கலியாண வீட்டுக்குக் கூட்டிச் செல்லப்படாத சகோதரி, என்ன உடுக்க விருப்பம் என்று ஒரு நாளும் கேட்கப்படாத பெரியப்பா: இவர்கள் பசியோடு இல்லை. ஆனால் அவர்களிடம் எவரும் கேட்பதில்லை. எல்லாம் அவர்களுடைய நன்மைக்கே என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சபை மண்டபத்தில் இருந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

இந்த வாரம் உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால், அருகில் அமர்ந்து, நாளை காலை எத்தனை மணிக்கு எழும்ப விருப்பம் என்று கேளுங்கள். சொன்ன நேரத்துக்கு உங்கள் கை அங்கே இருக்கட்டும்.