இழவு வீட்டில் கூடும் கூட்டாளிகள்

குனோங் லேடாங் அடிவாரத்தில், ஜவுளிக் கடைகளுக்குப் பெயர்போன தங்காக்கைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் ஒரே லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் இன்று ஜொகூர் பாரு, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று சிதறிவிட்டார்கள். அவர்கள் மறுபடி ஒன்றாக உட்காருவது பெரும்பாலும் ஒருவரின் இழவு வீட்டில்தான். உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காதவர்களுக்கு அங்கே அழ உரிமை உண்டா என்ற முணுமுணுப்பும் அதே கூடாரத்தின்கீழ் எழுகிறது.

அதில் நியாயம் இருக்கிறது. விரைவுச்சாலையில் ஜொகூர் பாருவிலிருந்து தங்காக்கிற்கு இரண்டு மணி நேரம் போதும். கூட்டாளி படுக்கையில் கிடந்த மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்காதவர், பெரிய மாலை வாங்கி அதை ஈடுகட்டிவிட முடியாது.

ஆனால் எல்லாத் தாமதமும் ஒன்றல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது குடும்பங்கள் லயங்களை விட்டு வெளியேற நேர்ந்தது. நட்பை யாரும் முறித்துக்கொண்டு போகவில்லை. துண்டாடலுக்கு எதிராக 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தாலும் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. பிறகு கோவிட் தொற்று வந்தது; 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. 2022 ஏப்ரல் 1-இல் எல்லை முழுமையாகத் திறக்கும்வரை, சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்களில் பலர் பெற்ற தாயின் முகத்தைக்கூடக் கைப்பேசியில்தான் கடைசியாகப் பார்த்தார்கள். 'ஏன் வரவில்லை' என்று அவர்களைக் கேட்பது கொடுமை.

சங்கப் பாடல்களிலும் இப்படியொரு தாமதம் உண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, அவனை நேரில் கண்டேயிராத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வந்து சேர்ந்ததைக் கொண்டாடுகிறோம். சோழனின் இன்னொரு நண்பரான பொத்தியாரைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. உடன் உயிர்விடத் துணிந்த அவரை, மனைவி கருவுற்றிருந்ததால், மகன் பிறந்தபின் வரச் சொல்லிச் சோழனே திருப்பி அனுப்பினான். அவர் வந்தபோது இருந்தது நடுகல்தான். அவருடைய நட்பில் என்ன குறை?

வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுவதுதான் பெரிய தவறு. இறந்தவரின் பிள்ளைகளுக்குத் தெரிந்தது நரைத்த அப்பாவை மட்டுமே. விடியலில் அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போய், மங்கு துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பத்து வயதுப் பையனைப் பழைய கூட்டாளிகளுக்குத்தான் தெரியும். அதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லாமல், கைகூப்பிவிட்டுக் காருக்குத் திரும்புவது முறையல்ல. பதினாறாம் நாள் காரியத்துக்கும் வர வேண்டும். சேமநிதிப் பாரத்தை நிரப்ப அந்த வீட்டம்மாவுக்குத் துணை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஊரிலேயே தங்கிவிட்ட மற்றவர்களில் யாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது, யார் தனியாக இருக்கிறார் என்று விசாரித்து, புறப்படுமுன் அவர்களையும் பார்த்துவிட்டுப் போகலாம்.