கேட்போர் அறம்

ஏ-10 என்னும் அமெரிக்கத் தாக்குதல் விமானம், ஏழு சுழல்குழல்களைக் கொண்ட ஜிஏயு-8 அவெஞ்சர் பீரங்கியை மையமாக வைத்தே வடிவமைக்கப்பட்டது. 30 மி.மீ. குண்டுகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,900 என்ற விகிதத்தில் பாய்வதால், தனித்தனி வெடியோசைகள் கலந்து ஒரே நீண்ட உறுமலாகக் கேட்கின்றன. அவ்வுறுமலுக்காகவே காணொளிகளைத் தேடிப் பார்த்து மகிழ்வோர் பலர். கொல்லும் கருவியின் ஓசையில் இன்பம் காண்பது குற்றமா என்னும் அறவினா இங்கே எழுகிறது.

இவ்வினா பழையது. ரோமாபுரியின் வாட்போர் அரங்குக்கு நண்பர்களால் வலிந்து இழுத்துச் செல்லப்பட்ட அலிப்பியுஸ், கண்களை இறுக மூடியிருந்தும் கூட்டத்தின் ஆரவாரம் காதில் விழுந்ததும் கண் திறந்து, அக்கொடுமையின் வெறியில் தாமும் மூழ்கினார் என்று கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் தம் தன்வரலாற்று நூலில் எழுதுகிறார். அரங்கில் நிகழ்ந்தது மெய்யான சாவு, திரையில் நிகழ்வது வெறும் புனைவு என்று இதற்கு மறுப்புக் கூறலாம். ஆயினும் அப்புனைவு எதை விலக்கிவைக்கிறது என்பதையும் கருத வேண்டும்: 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' (2007), 'டெர்மினேட்டர் சால்வேஷன்' (2009) ஆகிய இரு படங்களிலும் ஏ-10 விமானங்கள் தாக்குவது இயந்திரங்களையே. இலக்கு மனிதரல்லாதபோது பார்வையாளரின் மனச்சான்றுக்கு வேலையே இல்லாமற்போகிறது.

குண்டின் தொடக்க வேகம் ஒலியின் வேகத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால், முதற்குண்டுக்கு இரையானவர் அவ்வுறுமலைக் கேட்பதே இல்லை. அது தப்பியவர்க்கும் வேடிக்கை பார்ப்போர்க்கும் மட்டுமே எட்டும் ஓசை. 2003 மார்ச்சில் ஈராக்கில் இரு ஏ-10 விமானங்கள் நேச நாடான பிரிட்டனின் கவச வாகனங்களைப் பகையென மயங்கிச் சுட்டதில் ஒரு வீரர் இறந்தார். 2007-இல் வெளியான விமானி அறைப் பதிவில், சுட்டது யாரை என்று அறிந்த கணத்தில் விமானிகள் கலங்குவது கேட்கிறது. பீரங்கியும் அதன் ஆற்றலும் அப்போதும் மாறிவிடவில்லை. இலக்கில் இருந்தோர் நேச நாட்டவர் என்னும் அறிவே விமானிகளைக் கலங்கவைத்தது. சுடப்பட்டோர் பகைவராகவே இருந்திருப்பினும் மனிதரே என்பதால், கலங்குவதற்கான காரணம் எந்தத் தாக்குதலிலும் உண்டு.

எனவே பொறியின் ஆற்றலை வியப்பது தன்னளவில் குற்றமாகாது. குண்டு விழும் இடத்தில் இருப்பவர் யார் என்று கேட்க மறுத்து, அம்மறுப்பின் வசதியிலேயே இன்பம் துய்ப்பதுதான் குற்றம். போரை வேடிக்கையாகக் காண்போரை அகஸ்டினின் கண்டனம் இன்றும் சேர்வது இந்த இடத்தில்தான்.