வெள்ளி மலையில் ஐந்நூறு அரஹந்தர்கள்

ஜப்பானின் ஷிமானே மாகாணத்தில், ஓமோரி என்னும் சிற்றூரை ஒட்டிய மலைகளில் இவாமி கின்சான் வெள்ளிச் சுரங்கங்கள் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. ஹகாதா நகர வணிகர் காமியா ஜுதெய் 1520களில் இங்கு வெள்ளி எடுக்கத் தொடங்கினார். தாதுவை ஈயத்துடன் உருக்கி, சாம்பல் படுகை ஈயத்தை உறிஞ்சிக்கொள்ள வெள்ளியைத் தனியே பிரிக்கும் முறை 1533இல் கொரியாவிலிருந்து வந்து விளைச்சலைப் பெருக்கியது. 1923இல் சுரங்கப் பணி நின்றது. 2007இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

ஓமோரியிலிருந்து ஓடைக்கரையோரம் ஏறும் நடைபாதையில் 'மாபு' எனப்படும் சுரங்க வாய்கள் ஆங்காங்கே தென்படும். இம்மலைகளில் இத்தகைய வாய்கள் ஏறத்தாழ 600 உள்ளன. 1715இல் வெட்டப்பட்ட ரியூகெஞ்ஜி மாபுவின் ஒரு பகுதிக்குள் இன்றும் நடந்து செல்லலாம். சுவரெங்கும் உளித் தடங்கள். தாது ஓடிய திசையில் குடைந்த, ஆள் குனிந்தே நுழையக்கூடிய கிளைப் பொந்துகள். சங்குச் சிப்பியில் எரிந்த எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், புகையையும் கல்தூசியையும் சுவாசித்தபடி வேலை செய்தவர்கள் இளவயதிலேயே மாண்டனர். முப்பது வயதை எட்டியவருக்கு நீண்ட ஆயுள் விழா எடுத்தார்கள் என்பது அவ்வூர் வழக்கு.

இந்த மலையில் சமயம் இரு வடிவங்களில் நிற்கிறது. சாஹிமேயாமா ஷிண்டோ கோயில் சுரங்கத் தெய்வமான கனயமாஹிகோவுக்கு உரியது. மலையைத் தோண்டுவோர் வளமும் காவலும் வேண்டி வணங்கிய இடம் அது. ஓமோரியிலுள்ள ரகான்ஜி பௌத்தக் கோயிலின் குகைகளில் ஐந்நூறு அரஹந்தர்களின், அதாவது விடுதலை அடைந்த புத்தரின் சீடர்களின், கற்சிலைகள் இருக்கின்றன. சுரங்கத்தில் இறந்தோரின் நற்கதிக்காக ஏறத்தாழ 25 ஆண்டுகள் செதுக்கப்பட்டு, 1766இல் அவை நிறைவுபெற்றன.

இங்கே ஒரு தத்துவச் சிக்கல் எழுகிறது. அவரவர் வினை அவரவர்க்கே என்பது பௌத்தத்தின் அடிப்படை. அப்படியானால் உயிரோடிருப்பவர் செய்யும் புண்ணியம் இறந்தவரை எப்படிச் சேரும்? பௌத்தத்தின் ஒரு பிரிவான தேரவாத மரபின் விடை: தம் பெயரால் கொடுக்கப்படும் தானத்தை அறிந்து இறந்தவர் மகிழும்போது, அந்த மகிழ்ச்சியே அவருடைய நல்வினை ஆகிறது. மற்றொரு பிரிவான மகாயானத்தின் விடை வேறு. உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்தே தோன்றுகின்றன. நிலையான 'நான்' என்று எதுவும் இல்லாதபோது, புண்ணியத்துக்கு மட்டும் தனி உடைமையாளர் எப்படி இருக்க முடியும்?

இரண்டாம் விடையை ஏற்பவர் அதன் மறுபக்கத்தையும் ஏற்க வேண்டும். புண்ணியம் பொதுவென்றால் துன்பத்துக்கான பொறுப்பும் பொதுவே. வெள்ளியால் செழித்த ஆட்சியாளரும், வணிகரும், கடல் கடந்து அதை வாங்கியவரும் அச்சாவுகளில் பங்குடையவர்கள். சிலைகள் செதுக்கப்பட்ட ஆண்டுகளிலும் அதன் பிறகும் சுரங்கத்தில் ஆட்கள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆகவே நினைவுச் சின்னம் கடனை ஒப்புக்கொள்கிறது, தீர்த்துவிடுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு தூசியைத் தடுக்க உமேபோஷி என்னும் உப்பிட்ட பழத்தின் சதை பூசிய முகமூடி உருவாக்கப்பட்டது. மூச்சு விடுபவரைக் காக்கும் அத்தகைய செயல்களும் சேரும்போதே, இறந்தோருக்கான வழிபாடு அறமாக முழுமை பெறுகிறது.